கறிவேப்பிலைக்கு விலை வைத்த கதை

1993ஆம் ஆண்டு நவம்பர் 13, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். பிராங்பேர்ட்டில் மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒன்று பெய்துகொண்டிருந்தது. மருந்துக்கடைச் சுவரில் இருந்த வெப்பமானி மூன்று பாகை காட்டியது. நான் குடையை மடக்கிக்கொண்டு அன்ரனின் கடைக்குள் போய், கோட்டுப்பையிலிருந்து ஒரு மட்டைத்துண்டை எடுத்து, கறிவேப்பிலைப் பெட்டியின் விளிம்பில் செருகினேன்.

“கறிவேப்பிலை: ஒரு பிடி 80 பெனிக்.”

எழுத்து என்னுடையது. முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதிய கை. கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் தெரியும்.

“மாஸ்டர், நத்தார்ப் பண்டிகை முடியட்டுமே,” என்றான் அன்ரன். அவன் மட்டையைப் பார்க்காமல், அதற்குப் பக்கத்தில் இருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“நத்தார் முடிய உன்ர டெர்மீன் நாள் வந்திடும். பிறகு விலை வைச்சு என்ன, வைக்காட்டி என்ன?”

கதவு மணி அடித்தது. உள்ளே வந்தவர் பிலோமினா அக்கா. விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் ஊரெல்லாம் அக்கா என்பதால் நானும், பயத்தில், அக்கா என்றே எழுதுகிறேன். அவர் முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். கறிவேப்பிலைப் பக்கம் திரும்பினார். வாசித்தார். முருங்கைக்காயை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“தம்பி, இது ஆற்றை எழுத்து?”

அன்ரன் இப்போது உருளைக்கிழங்கைப் பார்த்தான்.

“என்ர,” என்றேன்.

“அப்ப இங்கயும் வகுப்புத் தொடங்கிட்டுதோ மாஸ்டர்?”

ஒரு உப்புப் பைக்கற்று மட்டும் வாங்கிக்கொண்டு போனார். வழக்கமாக அவர் சனிக்கிழமைச் சாமானைத் தூக்க இரண்டு கை போதாது.

எண்ணுகிற குற்றம்

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதிய பல்வைத்தியர் விவகாரத்தைப் படித்துவிட்டு, “இந்த மனிதர் எதையும் எண்ணாமல் இருக்கமாட்டாரா?” என்று ஒரு வாசகி ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார். இருக்கமாட்டேன் அம்மா. எண்ணாதவர்கள் நடத்திய கடையைப் பற்றித்தான் இந்த வாரம்.

அன்ரன் மன்னார்ப் பொடியன். அப்போது அவனுக்கு முப்பத்து நாலு வயது. ஐந்து வருடம் ஒரு இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில், பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால், முன்பு சப்பாத்துத் தைத்துக் கொடுத்த ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துக் கடை போட்டான். அரிசி, மா, கருவாடு, பின்பக்கத்தில் வாடகைக்குப் படக் கசெட். சப்பாத்துப் பசையின் மணமும் கருவாட்டு மணமும் கலந்து, மேல்மாடியில் இருந்த ஜெர்மன் கிழவி மாதத்துக்கு ஒரு முறை முறைப்பாடு எழுதிப் போடுகிற அளவுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து விமானத்தில் மரக்கறிப் பெட்டி வரும். விமானத்துக்கு இலையும் ஒன்று, காயும் ஒன்று. நிறுத்துத்தான் கூலி வாங்கும். முருங்கைக்காய்க்குக் கட்டிய அதே கூலியைக் கறிவேப்பிலைக்கும் கட்டி எடுத்து வந்து, அன்ரன் அதைச் சும்மா அள்ளிக் கொடுத்தான். அரிசி வாங்கியவருக்கு ஒரு பிடி. கசெட் எடுத்தவருக்கு ஒரு பிடி. மழைக்கு ஒதுங்கியவருக்கும் ஒரு பிடி.

இதில் எனக்கென்ன என்று கேட்பீர்கள். மகள் வதனி வீட்டில் வந்து இருக்கும் ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியனுக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் அன்ரன் என்னிடம் ஒரு இரகசியத்தைச் சொல்லிவிட்டான்.

அவனுக்குக் கலியாணம் முடிந்து இரண்டு வருடம். கடைக்குச் சாமான் பார்க்கப் போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் சிங்கப்பூர் போய், அங்கே வரவழைத்த ஜெசிந்தாவுக்குத் தாலி கட்டி, பத்து நாள் குடும்பம் நடத்தி, பத்துப் பெட்டி நூடில்சுடன் திரும்பி வந்தவன். ஜெசிந்தா அன்றிலிருந்து கொழும்பில் ஒரு லொட்ஜில், அரை அறையில் இருந்தாள். அவளை இங்கே கூப்பிட வேண்டுமென்றால் கடை இரண்டு பேருக்குச் சோறு போடும் என்று வரி ஆலோசகர் கடிதம் தர வேண்டும். வருட முடிவுக் கணக்கைப் பார்த்துத்தான் கடிதம். ஜனவரியில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மீன், அதாவது அவர்கள் குறித்துத் தந்த சந்திப்பு நாள். மாதம் எண்பது, தொண்ணூறு மார்க் இடிக்கிறது என்று அந்த ஆலோசகர் உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

மாதம் எண்பது, தொண்ணூறு மார்க். நான் ஒரு சனிக்கிழமை முழுக்க அரிசிச் சாக்கில் குந்தியிருந்து பார்த்தேன். மாதத்துக்குப் பெருக்கினால் ஏறக்குறைய அதே தொகை இலையாகக் கதவு வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது.

“ஆரிட்டயாவது சொன்னனியோ, மனிசி இருக்கிறதை?” என்று கேட்டேன்.

“ஐயோ மாஸ்டர். விசா கையில வரமுந்திச் சொன்னாக் கண்ணூறு பட்டிடும்.”

எங்கள் ஆட்கள் கடல் கடப்பார்கள், பொலிசைக் கடப்பார்கள், ஐந்து எல்லைகளைக் கடப்பார்கள். கண்ணூற்றை மட்டும் கடக்கமாட்டார்கள்.

ஸ்கொட்லாந்துக்காரர்

இங்கே என் ஆசானைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். பெயரை எழுதினால் வாசகர்கள் பாடப்புத்தக நினைவில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று ஆசிரியர் பயப்படுகிறார். ஆகவே ஸ்கொட்லாந்துக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் செத்து இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. பொருளியல் என்ற பாடத்துக்கே தகப்பன் என்பார்கள். வேறு எதற்கும் அவர் தகப்பனாக இருந்ததில்லை. கலியாணம் கட்டவில்லை. பிறக்குமுன்பே தகப்பனை இழந்தவர், அறுபது வயதுவரை தாயோடு இருந்தார்.

சின்ன வயதில் நாடோடிகள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்களாம். விலைபோகாது என்று கண்டிருப்பார்கள் என்று நான் வகுப்பில் சொல்வேன். அதற்கு ஆதாரம் கிடையாது, ஆனால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். வளர்ந்த பிறகும் ஞாபகமறதி. தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போவார். ஒருமுறை பாணையும் வெண்ணெயையும் தேநீர்ப் பானைக்குள் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டு, இவ்வளவு மோசமான தேநீரைத் தான் குடித்ததில்லை என்றாராம்.

இப்படிப்பட்டவர்தான், கசாப்புக்காரனும் பாண்காரனும் எங்கள்மீது இரங்கி எங்களுக்குச் சாப்பாடு தருவதில்லை, தங்கள் நன்மையைப் பார்த்தே தருகிறார்கள் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அவரவர் தன் இலாபத்தைப் பார்த்தால் ஊருக்கும் நல்லது நடக்கும் என்றார். அதைச் சொல்வதற்குப் பல வருடம் முன்பே இன்னொன்றும் சொல்லியிருந்தார்: மற்றவன் நோவதைக் கண்டு நோவது மனித இயல்பு என்று. பரீட்சைக்கு இரண்டாவது வராது. அதனால் நான் அதைப் படிப்பிப்பதில்லை.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. சுங்கவரி கூடாது, வாணிபத்தை அவிழ்த்துவிடுங்கள் என்று எழுதிப் புகழ்பெற்றவருக்கு அரசாங்கம் என்ன உத்தியோகம் கொடுத்தது தெரியுமா? சுங்க ஆணையாளர். அவரும் நல்ல சம்பளம் என்று ஏற்றுக்கொண்டார். இறக்குமதி செய்யக்கூடாத பொருட்களின் பட்டியலை முதன்முறை ஒழுங்காகப் படித்தபோது, தன் கழுத்துப்பட்டியும் கைலேஞ்சியும் அதில் இருப்பதைக் கண்டு, அவற்றை நெருப்பில் போட்டார். கொள்கைக்காகத் தன் உடுப்பை எரித்த மனிதர் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். எந்தக் கொள்கைக்காக என்று எந்த மாணவனும் கேட்டதில்லை.

வேலி

என் கணக்கில் பிழையில்லை. இன்றைக்கும் சொல்கிறேன். நான் எண்ணாமல் விட்டது ஒன்றே ஒன்று.

எங்கள் ஆட்கள் பிராங்பேர்ட்டில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். மலசலகூடத்துக்குக் காசு கொடுத்தார்கள். குப்பை போடக் காசு கொடுத்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் கறிவேப்பிலை வேறு. அது வேலியோரத்தில் தானாக வளர்வது, இல்லாதவர் அயலில் கேட்டுப் பிடுங்குவது. யாழ்ப்பாணத்தில் கறிவேப்பிலையைக் காசுக்கு வாங்குகிறவன் என்றால் காணி இல்லாதவன், காணி இருந்தாலும் வேலி இல்லாதவன், வேலி இருந்தாலும் அயலில் ஒருவரோடும் முகம் கொடுக்காதவன் என்று அர்த்தம். எண்பது பெனிக் என்று நான் எழுதியது அவர்கள் கண்ணுக்கு விலையாகத் தெரியவில்லை. உங்களுக்கு ஊரில் என்ன இருந்தது என்று கேட்ட கேள்வியாகத் தெரிந்தது.

இதை எனக்குச் சொன்னவள் வதனி. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்.

“அப்பா, ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்லை. பிலோமினா அக்கா கோப்பியைத் தந்திட்டு, சீனிக்குக் காசோ எண்டு மாஸ்டரிட்டக் கேட்டுச் சொல்லு பிள்ளை எண்டவா.”

ஸ்கொட்லாந்துக்காரர் ஒவ்வொரு மனிதனின் நெஞ்சுக்குள்ளும் பக்கச்சார்பில்லாத ஒரு பார்வையாளர் குந்தியிருந்து, செய்வது சரியா பிழையா என்று பார்க்கிறார் என்று எழுதினார். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. பார்வையாளர் வெளியே, தேவாலய மண்டபத்தில், கோப்பிக் கோப்பையோடு நிற்கிறார். பக்கச்சார்பும் உண்டு.

தண்டனை மரியாதையாக நடந்தது. கடைக்கு வந்தார்கள். அன்ரனின் தடிமல் காய்ச்சலை விசாரித்தார்கள். ஒரு நெருப்புப்பெட்டி வாங்கினார்கள். வெங்காயம் துருக்கிக் கடையிலும் பருப்பு பஞ்சாபிக் கடையிலும் எடுத்தார்கள். நாலு கிழமையில் கறிவேப்பிலை காசுக்கு வாங்கியவர், டார்ம்ஸ்டாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சென்னைக்காரர் ஒருவர் மட்டும். அவரும் சந்தோஷமாக வாங்கவில்லை.

“சார், முப்பது மார்க்குக்கு வெஜிடபிள்ஸ் வாங்கியிருக்கேன். இது ஃப்ரீதானே? எங்க ஊர்ல கேக்காமலே பையில போடுவாங்க.”

“இது உங்கட ஊர் இல்லை.”

“அது நல்லா தெரியுது சார். பில் குடுங்க.”

மற்றது பெட்டியிலேயே கறுத்தது. வெள்ளிக்கிழமை இரவில் கொழும்புக்கு எடுக்கும் தொலைபேசியை அன்ரன் சுருக்கிக்கொண்டான். என்ன சொன்னாய் என்று கேட்டேன். வியாபாரம் நல்லாப் போகுது என்று சொன்னேன் மாஸ்டர் என்றான். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனாலும் மட்டையை அவன் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், அதோடு எல்லாம் முடிந்திருக்கும். மாஸ்டர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று அவன் நம்பினான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பாரிஸ் வான்

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை பிலோமினா அக்கா நாலு பெண்களோடு வந்தார். ஒருவர் கையிலும் பை இல்லை. கடைக்குள் ஐந்து பேர் நின்றால் ஆறாவது ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஆறாவது ஆள் நான், அரிசிச் சாக்கின் மேல்.

“தம்பி, முகத்துக்கு நேர சொல்லுறதுதான் மரியாதை,” என்றார். “வாற கிழமை பாரிசிலயிருந்து ஒரு சாமான் வான் வருது. நத்தார்ச் சாமான் எல்லாரும் அதில எடுக்கிறம். பலகாரத்துக்கு மா, சீனி, நெய், எல்லாம். பேர் குடுத்தாச்சு.”

நத்தார் வியாபாரம் என்றால் அந்தக் கடைக்கு வருடத்தின் கால்வாசி. வான் வந்தால் ஆலோசகரின் கடிதம் போச்சு. கடிதம் போனால் டெர்மீன் போச்சு. ஜெசிந்தா அரை அறையில் இன்னொரு வருடம்.

“கறிவேப்பிலை அவையள் காசுக்கோ குடுக்கினம்?” என்று கேட்டேன்.

“மாஸ்டர், நான் உங்களோட கதைக்க வரேல்லை. தம்பி, நீ குறை நினைக்காதை. உனக்கென்ன, தனிக்கட்டை. ஒரு பிடி இலையிலயும் காசு பார்த்து ஆருக்குச் சேர்க்கப் போறாய்?”

அன்ரன் காசுப்பெட்டியின் மூடியைத் திறந்தான், மூடினான். பிறகு மிக மெதுவாகச் சொன்னான்.

“மனிசி கொழும்பில நிக்கிறா அக்கா. இரண்டு வருசமா.”

மேல்மாடிக் கிழவியின் வானொலி கேட்டது. ஐந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசாமல் நின்றதை நான் ஜெர்மனியில் அந்த ஒருமுறைதான் கண்டேன்.

“ஆற்றை மனிசி?” என்றார் பிலோமினா அக்கா.

“என்ர.”

அவன் எல்லாவற்றையும் சொன்னான்: சிங்கப்பூர், பத்து நாள், லொட்ஜ், கடிதம், ஜனவரி. சொல்லச் சொல்ல ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பிலோமினா அக்கா உறிஞ்சவில்லை. அவருக்கு வேறு கணக்கு இருந்தது.

“அப்ப நான் தந்த என்ர தங்கச்சியின்ர மகளின்ர படம்?”

“மேசை லாச்சிக்குள்ள கவனமா இருக்கு அக்கா.”

“மூண்டு படம் தந்தனான்.”

“மூண்டும் இருக்கு.”

“படத்தைத் திருப்பித் தா. நூடில்ஸ் வாங்கவோ ஒருத்தன் சிங்கப்பூர் போவான் எண்டு நான் அப்பவே யோசிச்சனான்.” படங்களை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அரிசிச் சாக்கிலிருந்து இறங்குவது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

“உங்களுக்கு இது தெரியும், என்ன மாஸ்டர்?”

“ஓம்.”

“தெரிஞ்சு கொண்டோ இந்த மட்டையை எழுதினனீங்கள்?”

நான் விளக்கினேன். விமானக் கூலி, நிறை, மாதக் குறை. ஸ்கொட்லாந்துக்காரரையும் கூப்பிட்டேன். கசாப்புக்காரன், பாண்காரன் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“அந்த மனிசன் கலியாணம் கட்டினவரோ?”

“இல்லை.”

“ஒருத்தன்ர மனிசியைக் கூப்பிடுறதுக்குக் கலியாணம் கட்டாத ஆளிட்டயோ யோசனை கேட்டனீங்கள்?”

நாலு பெண்களும் சிரித்தார்கள். மூக்கை உறிஞ்சியவள்தான் அதிகம் சிரித்தாள். அன்ரன் கூடச் சிரித்தான், துரோகி.

தீர்ப்பு அங்கேயே, நின்ற நிலையில் வந்தது. பாரிஸ் வானை மறிப்பது. நத்தார்ச் சாமான் முழுவதும் அன்ரனிடம் எடுப்பது. ஜனவரி வரைக்கும் வெங்காயம்கூட வெளியே வாங்குவதில்லை. இது இரக்கம் என்று வாசகர்கள் கண் கலங்க வேண்டாம். அடுத்த ஒரு மணி நேரம் அவர்கள் கேட்டதெல்லாம் பெட்டை எந்த ஊர், என்ன படித்தவள், எவ்வளவு உயரம், தகப்பன் என்ன வேலை என்பதுதான். இரண்டு வருடமாக மறைத்து வைத்த பெண்ணை நேரில் பார்க்க வேண்டும். அதற்கு அவள் இங்கே வந்தாக வேண்டும்.

“ஆனா கறிவேப்பிலைக்கு ஒரு பெனிக்கும் தரமாட்டம்,” என்றார் பிலோமினா அக்கா.

“விலையை எடுக்க ஏலாது பிள்ளை,” என்றேன். “இண்டைக்கு நெருக்கினதுக்காக எடுத்தா நாளைக்கு முருங்கைக்காய்க்கும் கேட்பியள். விமானம் சும்மா கொண்டுவரேல்லை. ஆரோ ஒரு ஆள் கட்டத்தான் வேணும்.”

“ஆர் எடுக்கச் சொன்னது? விலை இருக்கட்டும். வைச்ச ஆள் கட்டட்டும்.”

நான் அன்ரனைப் பார்த்தேன். அவன் வெங்காயத்தைப் பார்த்தான். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது. விலை நின்றது. கடைக் கணக்கில் வரவு விழும். கொள்கைக்குச் சேதமில்லை. என் ஆசான் கொள்கைக்காகக் கழுத்துப்பட்டியையும் லேஞ்சியையும் எரித்தவர். எனக்கு எரிக்க இருந்தது வதனி மாதாமாதம் தரும் கைச்செலவுக் காசு மட்டும்.

“சரி,” என்றேன்.

தேவையும் வழங்கலும்

அடுத்த சனிக்கிழமையே பாடம் தொடங்கியது. இதுவரை ஒரு பிடி எடுத்தவர்கள் இரண்டு பிடி எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்கு என்று மூன்றாவதும் எடுத்தார்கள். “மாஸ்டர்தானே கட்டுறார்” என்று குழந்தைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தன் கையிலிருந்து காசு போகாதபோது மனிதன் எப்படி நடப்பான் என்று முப்பத்தொரு வருடம் படிப்பித்தவன் நான். செய்முறைப் பயிற்சி அப்போதுதான் கிடைத்தது. கடை மூடும் நேரம் நான் காசுப்பெட்டிக்கு முன்னால் நின்று கட்டுவேன். சுருட்டை நிறுத்தினேன். வாரத்துக்கு ஒருமுறை வாங்கும் ஆங்கிலப் பத்திரிகையை நிறுத்தினேன். நல்ல பத்திரிகை.

ஆலோசகர் கடிதம் கொடுத்தார். ஜனவரியில் அலுவலகத்துப் பெண் அதை இரண்டு தடவை வாசித்து, இந்தக் கடையில் அதிகம் விற்பது என்ன என்று கேட்டாளாம். இலை என்றானாம் அன்ரன். நல்லவேளை, அவள் மேலே கேட்கவில்லை.

மே மாதத்தில் ஜெசிந்தா வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்குப் பதினேழு பேர் போயிருந்தார்கள். பிலோமினா அக்கா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, “படத்தில பார்த்ததைவிடக் கொஞ்சம் கட்டை,” என்று சொல்லிக் கட்டிப்பிடித்து அழுதார். அவள் படத்தை அவர் பார்த்ததே இல்லை.

இரண்டாவது கிழமையே ஜெசிந்தா காசுப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அமைதியான பெட்டை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் ஒரு சனிக்கிழமை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பிள்ளை, நீங்கள் வந்தாச்சு, கடிதமும் முடிஞ்சுது. இந்தக் கறிவேப்பிலை விஷயத்தை இனி...” என்று தொடங்கினேன்.

“ஏன் மாஸ்டர் மாத்துவான்?” என்றாள். “நல்லாத்தானே போகுது. உங்கட காசு கிழமை தவறாமல் வருது.”

இரண்டு வருடம் லொட்ஜில் எண்ணி எண்ணிச் சாப்பிட்டவள். அவளுக்கு ஸ்கொட்லாந்துக்காரரை ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஜூலையில் இரண்டு தெரு தள்ளி ஒரு புதுத் தமிழ்க்கடை திறந்தது. கறிவேப்பிலைப் பெட்டியை வாசலிலேயே வைத்து, கேட்காமலே அள்ளிக் கொடுத்தார்கள். பிலோமினா அக்கா அங்கே எட்டிப் பார்த்தார் என்ற செய்தி ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜெசிந்தாவின் காதுக்கு வந்தது. பதினொன்றேகாலுக்கு எங்கள் கடையிலும் கறிவேப்பிலை சும்மா. என்னை விடுவித்தது நன்றியும் அல்ல, இரக்கமும் அல்ல, போட்டி. அதையும் அந்த மனிதர் எழுதித்தான் வைத்திருக்கிறார். அதுவரை நான் கட்டியது, ஒரு பெனிக்கும் குறையாமல், ஆயிரத்து இருநூற்றுப் பதினொரு மார்க் இருபது பெனிக்.